அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு: குடியை நிறுத்தியவன் எழுதும் மதிப்புரை

குடியை நிறுத்தியபின் தூக்கம் வராமல், காரணம் தெரியாத பயத்தோடும் எதிலும் பிடிப்பில்லாமலும் நாட்களைத் தள்ளிக்கொண்டிருப்பவர்களுக்காகவும், அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நான் மதிப்பிட வந்திருப்பது ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் புறநோயாளர் பிரிவை. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போங்கள். காத்திருக்க நேரும், நெரிசலில் நிற்க நேரும், அன்றைய கூலி போகும். இருந்தாலும் போங்கள். குடியையும் மனச்சோர்வையும் சேர்த்து வைத்துப் பார்த்த முதல் இடம் எனக்கு அதுதான்.

மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. குறைகளையும் சொல்லப் போகிறேன். நல்ல மனதோடு அங்கே வேலை செய்கிறவர்களுக்கு அதனால் தொல்லை வரக் கூடாது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது என்பதால், உங்களுக்குப் பக்கத்தில் உள்ளதை விசாரித்துக்கொண்டால் போதும். ஊரில் தெரிந்தவர் கண்ணில் படக் கூடாது என்று நான் விடியற்காலை பஸ் பிடித்து வேறு மாவட்டத்துக்குப் போனேன். வரிசையில் நின்ற பலரும் அதே காரணத்துக்காக வெளியூரிலிருந்து வந்தவர்கள் என்பது பேச்சுக் கொடுத்தபோது தெரிந்தது.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியை மேசையில் அடுக்கடுக்காக விரித்து, மேலே பேட்டர்னை வைத்துக் கோடு போட்டு, கத்தி மெஷினைக் கோட்டின் மேல் ஓட்டுவது வேலை. இடது கையில் இரும்பு வளையங்களால் பின்னிய கையுறை போட்டிருப்போம். கை நடுங்கினால் அந்த வளையங்கள் மேசை விளிம்பில் பட்டுச் சலசலக்கும். குடித்த காலத்தில் காலை நேரத்தில் அந்தச் சத்தம் கேட்கும். ஒரு குவார்ட்டர் உள்ளே போனால் நின்றுவிடும். குடியை நிறுத்திச் சில மாதங்கள் ஆனபின் அதே சத்தம் திரும்பி வந்தது. பக்கத்து மேசைக்காரர் ஏறிட்டுப் பார்த்தார். சூப்பர்வைசர் ஏதோ கேட்பதுபோல அருகில் வந்து வாடை பிடித்துப் பார்த்தார். ஒரு சொட்டும் தொடாமல் இருக்கிறவனுக்கு அது எப்படி இருக்கும் என்பது பட்டவர்களுக்குத் தெரியும்.

குடியை நிறுத்திய சில மணி நேரத்தில் தொடங்கும் நடுக்கமும் வியர்வையும் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். எனக்கு வந்தது அதுவல்ல, பதற்றம். விடியற்காலை மூன்று மணிவாக்கில் நெஞ்சு அடித்துக்கொண்டு விழிப்பு வரும். மாரடைப்பு என்று பயந்து ஓடி ஈ.சி.ஜி. எடுத்ததும் உண்டு. எல்லாம் சரியாக இருக்கிறது, கேஸ் தொல்லை என்று அனுப்பிவிட்டார்கள். பகலில் நேர்மாறு. சோறு ருசிக்காது. மகள் பள்ளிக்கூடக் கதை சொன்னால் காதில் விழும், மனதில் ஏறாது. எழுந்து குளிப்பதே பெரிய வேலையாகத் தெரியும்.

அதற்கு முன்பு ஒரு தனியார் மறுவாழ்வு இல்லத்தில் இருந்தேன். குடியை நிறுத்த அது உதவியது, மறுக்கவில்லை. ஆனால் தூக்கம் வரவில்லை, மனது இருண்டு கிடக்கிறது என்று சொன்னபோதெல்லாம் அங்கே கிடைத்த பதில், ‘மனதைத் திடமாக வைத்துக்கொள்’ என்பதுதான். வெளியே வந்தபின் வீட்டிலும் அதே பேச்சு. மாமா ஒருவர், ‘அதுதான் நிறுத்திவிட்டாயே மாப்பிள்ளை, இனி என்ன கவலை?’ என்றார். அன்பாகத்தான் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாததுதான் கவலையை இன்னும் கூட்டியது.

இல்லத்தில் சேர்க்க நினைக்கிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப் பழக்கத்தோடு சேர்ந்து வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. இத்தகைய நோயாளிகளை உள்ளே தங்கவைத்துச் சிகிச்சை தரும் இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதற்குச் சட்டத்திலேயே தடை இருக்கிறது. பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் வாரத்தில் எந்தெந்த நாட்களில் வருகிறார் என்றும் கேளுங்கள். இழுத்துப் பேசினால் வேறு இடம் பாருங்கள்.

இனி மருத்துவமனைக்கு வருகிறேன். ஓ.பி. சீட்டுக்குப் பணம் இல்லை. மனநலப் பிரிவு எக்ஸ்ரே அறையைத் தாண்டிக் கட்டடத்தின் பின்பக்கம் இருக்கிறது. அம்புக்குறி ஒன்றும் கிடையாது, கேட்டுக் கேட்டுத்தான் போக வேண்டும். வாசலில் இருந்த நர்ஸ் பெயரைச் சொல்லிக் கூப்பிடாமல் சீட்டில் இருந்த எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார். சின்ன விஷயம்தான். முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு அது பெரிய மரியாதையாகப் பட்டது.

மருத்துவர் என்னைவிட வயதில் மிகவும் சின்னவர். எவ்வளவு குடித்தீர்கள், எப்போது நிறுத்தினீர்கள் என்று எல்லாரும் கேட்கும் கேள்விகளைக் கேட்டுவிட்டு, யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்: “முதல் முறை குடிப்பதற்கு முன்னால், பள்ளிக்கூடக் காலத்தில், இந்தப் பயம் இருந்ததா?” யோசித்தேன். ஒன்பதாம் வகுப்பில் தமிழய்யா எழுந்து பாடம் வாசிக்கச் சொன்னால் எழுத்துகள் கலங்கிப் போகும். என் நெஞ்சு அடிப்பது எனக்கே கேட்கும். அந்தப் பாடவேளை வரும் நாளில் வயிற்றுவலி என்று வீட்டிலேயே இருந்துவிடுவேன். பல வருடங்கள் கழித்து, ஊரில் மாரியம்மன் நோன்பியின்போது பெரியப்பா மகன் ஊற்றிக் கொடுத்ததைக் குடித்தபோதுதான் நெஞ்சு முதன்முதலாக அமைதியானது. இதைச் சொன்னதும் அவர் ஓ.பி. சீட்டின் பின்பக்கம் நீளமாக ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்கு மேலே நான் குடித்த வருடங்களைக் குறித்தார், கீழே பயம் இருந்த வருடங்களைக் குறித்தார். கீழே இருந்தது முன்னதாகவே தொடங்கி, மேலே இருந்தது முடிந்தபின்னும் நீண்டுகொண்டு போனது.

அதைக் காட்டியே விளக்கினார். குடியால் வரும் மனச்சோர்வு உண்டு. அது குடியை நிறுத்திய மூன்று, நான்கு வாரங்களில் பெரும்பாலும் தானாகவே தெளியத் தொடங்கும். அப்படித் தெளியாவிட்டால், அல்லது குடிக்கு முன்பே இருந்திருந்தால், அது தனி நோய். அதற்கும் தனியாக மருந்து வேண்டும். பயத்தை அடக்கக் குடித்தீர்கள், குடி பயத்தை வளர்த்தது, இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்தால் மற்றது திரும்ப இழுத்துக்கொண்டு போய்விடும் என்றார். நான் கோழை என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

பிறகு ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். ஒன்பது கேள்விகள், கடந்த இரண்டு வாரங்களைப் பற்றியவை. ஒவ்வொன்றுக்கும் சுழியத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண், மொத்தம் 27. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்ற எண்ணம் வந்ததா என்பது. பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மருத்துவர் குரலைத் தாழ்த்தி அதையே வாய்விட்டுக் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் பதறவில்லை, கண்டிக்கவும் இல்லை. எப்போதெல்லாம் வருகிறது, என்ன செய்ய நினைத்தீர்கள், வீட்டில் யாரிடம் சொன்னீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். வீட்டில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்கிறேன்: கேட்டால் அந்த எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று பயப்படாதீர்கள். கேட்பதால் அது கூடுவதில்லை. என்னைப் பொறுத்தவரை, ஒருவர் நேராகக் கேட்ட அன்றுதான் மூச்சு இறங்கியது.

மருந்துகள் எல்லாம் இலவசம். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் சேர்த்து எஸ்சிட்டலோபிராம். குடி ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன். அதற்கு முன் ரத்தம் எடுத்துக் கல்லீரலைச் சோதித்தார்கள். தயமின் எனப்படும் வைட்டமின் பி1. காகித உறையில் 1-0-0, 0-0-1 என்று மருந்தாளுநர் எழுதித் தருவார். காலை, மதியம், இரவு என்பதுதான் அந்த எண்கள். முதல் வாரம் குமட்டலும் பதற்றமும் சற்றுக் கூடலாம், பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரங்கள் ஆகும், நடுவில் நிறுத்திவிடாதீர்கள் என்று முன்கூட்டியே சொன்னதுதான் என்னைக் காப்பாற்றியது. முதல் வாரம் அப்படியேதான் கழிந்தது. சொல்லியிருக்காவிட்டால் உறையோடு தூக்கி எறிந்திருப்பேன்.

உடனே தூக்கம் வரும் மாத்திரையை நான் கேட்டேன். கம்பெனியில் ஒருவர் அல்பிரசோலாம் பெயரைச் சொல்லியிருந்தார். மருத்துவர் மறுத்துவிட்டார். அந்த வகை மாத்திரைகளுக்கும் உடம்பு பழகிவிடும், ஒரு பழக்கத்திலிருந்து வெளியே வந்தவருக்கு அது இன்னொரு பழக்கத்தின் வாசல் என்று பொறுமையாக விளக்கினார். குடியை நிறுத்தும் முதல் நாட்களில் அதே இனத்து மருந்தை மருத்துவமனையிலேயே அளவாகக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பது வேறு. வீட்டில் வைத்துக்கொண்டு பல மாதம் விழுங்குவது வேறு. நோயாளி கேட்டதை எழுதிக் கொடுத்து அனுப்புவது சுலபம். அவர் அப்படிச் செய்யாதது எனக்கு இந்தப் பிரிவின் மேல் நம்பிக்கையைக் கொடுத்தது.

என் மனைவி முன்பு, சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுத்தால் குடியை மறக்கவைக்கும் என்று விற்கப்படும் பொடியைப் பற்றி விசாரித்து வைத்திருந்தாள். அதைக் கேட்டதும் மருத்துவரின் முகம் மாறிவிட்டது. டைசல்ஃபிரம் என்ற மருந்து இருக்கிறது. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, சோதனைகள் செய்தபின் மட்டுமே தர வேண்டிய மருந்து அது. பெயர் தெரியாத பொடியில் இதுவும் இருக்கலாம், வேறு எதுவும் இருக்கலாம். தயவுசெய்து யாரும் அதை வாங்காதீர்கள்.

எனக்குக் கிடைத்ததிலேயே உயர்ந்தது மருந்து அல்ல, சமூகப் பணியாளரோடு மனைவியும் நானும் உட்கார்ந்து பேசிய நேரம். மனைவி பேச ஆரம்பித்ததுமே அழுதுவிட்டாள். “குடிக்கும்போதாவது சண்டை போடுவார். இப்போது சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்” என்றாள். அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, இது சோம்பலும் இல்லை, உங்கள் மேல் கோபமும் இல்லை. கால் ஒடிந்தவரை ஓடச் சொல்ல மாட்டோம் இல்லையா? இப்போதைக்குக் காலையில் உங்களோடு கடை வரை நடந்து வரச் சொல்லுங்கள், அது போதும்” என்றார். அன்றிலிருந்து பால் வாங்கப் போவது என் வேலை. மனைவிக்கும் தூக்கம் கெட்டுப் போயிருக்கிறது என்பதைக் கண்டுபிடித்து, அவளுக்கும் ஒரு சீட்டுப் போடச் சொன்னதும் அந்தப் பெண்தான். அவ்வளவு வருடங்களில் அவளைப் பற்றி விசாரித்தவர் வேறு யாரும் இல்லை.

குறைகளில் முதலாவது, தனிமை இல்லாதது. மருத்துவர் முன்னால் ஒரு ஸ்டூல். அடுத்த எண்காரர் முதுகுக்குப் பின்னாலேயே நிற்பார். சாவைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொன்னபோதும் பின்னால் ஒருவர் நின்றிருந்தார். ஒரு திரைச்சீலைக்கு என்ன செலவாகிவிடும்? இதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டாவது, ஒவ்வொரு முறையும் அதே மருத்துவர் இருப்பார் என்று சொல்ல முடியாது. புதியவரிடம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மாத்திரை சில சமயம் இருப்பில் இல்லாமல் வெளியே வாங்க எழுதிக் கொடுப்பார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரியது நேரம். காலை ஓ.பி. என்றால் பனியன் கம்பெனியில் அன்றைய ஷிஃப்ட் போச்சு. ஒன்றரை ஷிஃப்ட் ஓட்டினால்தான் வாடகையும் பள்ளிக்கூடக் கட்டணமும் கட்ட முடியும் என்ற நிலையில் இருப்பவர் எத்தனை முறை லீவு சொல்வார், என்ன காரணம் சொல்வார்? மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது என்று 2019-இல் வெளியான மத்திய அரசின் ஆய்வு சொல்கிறது. மற்ற 37 பேரும் மனமில்லாமல் இருந்தவர்கள் என்று நான் நம்ப மாட்டேன். மாலை ஆறு மணிக்கு ஓர் ஓ.பி., ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓர் ஓ.பி. திறந்து பாருங்கள், திருப்பூரிலிருந்து மட்டும் எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியும். இதைப் படிக்கும் சுகாதாரத் துறையினர் யாராவது இருந்தால் இது என் வேண்டுகோள்.

மருத்துவமனை இல்லாத நேரத்துக்கு 14416 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல ஆலோசனைச் சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது. கட்டணமில்லை, இரவும் பகலும் உண்டு, தமிழிலேயே பேசலாம். விடியற்காலை மூன்று மணிக்கு நான் கூப்பிட்டபோது எடுத்தவர், மூச்சை மெதுவாக இழுத்து அதைவிட மெதுவாக விடச் சொல்லி, நான் செய்து முடிக்கும் வரை இணைப்பிலேயே இருந்தார். ஞாயிறுதோறும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கும் போகிறேன். 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கியது. குடியை நிறுத்த விரும்புவதைத் தவிர வேறு தகுதி கேட்பதில்லை, சந்தாவும் இல்லை. அங்கே போய்விட்டால் மாத்திரை தேவையில்லை என்று வெளியே சிலர் சொல்வார்கள். மருத்துவர் தரும் மருந்தில் உறுப்பினர்கள் தலையிடக் கூடாது என்பதுதான் அந்த அமைப்பின் நிலைப்பாடே. எனக்குக் கூட்டமும் வேண்டியிருக்கிறது, மாத்திரையும் வேண்டியிருக்கிறது.

முழுவதும் குணமாகிவிட்டதா என்றால், இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் கைக்கு வரும் நேரத்தில் இன்றும் உள்ளங்கை வியர்க்கிறது. கூட்டத்தில் சொல்லித் தந்த நான்கை அப்போது வரிசையாகப் பார்க்கிறேன்: பசியா, கோபமா, தனிமையா, அசதியா? பெரும்பாலும் பசி. கம்பெனி வாசலிலேயே இரண்டு பஜ்ஜியும் டீயும் முடித்துவிட்டு, மனைவிக்குப் போன் போட்டுப் பேசிக்கொண்டே பஸ் ஸ்டாப் வரை நடக்கிறேன். சில வாரங்கள் மனது மந்தமாகவே கிடக்கிறது. கையுறை மட்டும் சலசலப்பதில்லை. கத்தி கோட்டின் மேல் ஓடுகிறது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். தினமும் நிறையக் குடிப்பவர் வீட்டிலேயே திடீரென்று நிறுத்த வேண்டாம். முதல் இரண்டு நாட்களில் வலிப்பும், அதைத் தொடர்ந்து மனக்குழப்பமும் வரலாம், உயிராபத்து உண்டு. ஏற்கெனவே நடுக்கமோ குழப்பமோ இருந்தால் ஓ.பி.க்குக் காத்திருக்காமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். குடித்த அளவைக் குறைக்காமல் சொல்லுங்கள், மருந்தின் அளவு அதைப் பொறுத்தது. வேறு நோய்க்குச் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால் சமூகப் பணியாளரையும் அன்றே பார்த்துவிடலாம். எட்டு மணிக்கு முன்பே வரிசையில் நின்றால் பதினோரு மணிக்குள் வெளியே வரலாம். கைவசம் உள்ள மாத்திரை தீர்வதற்கு இரண்டு மூன்று நாட்கள் முன்னதாகவே அடுத்த முறை போய்விடுங்கள். இருப்பில் இல்லை என்று சொல்லிவிட்டாலும் வெளியே வாங்குவதற்கு அவகாசம் இருக்கும்.